எயார் எடுக்கும் கை

நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து இழுக்கும் பழைய மெசி பெர்குசன் 135 டிராக்டர் டீசல் தீர்ந்து நின்றுவிட்டால், டேங்கை நிரப்பினால் மட்டும் போதாது. குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றாமல் எஞ்சின் பிடிக்காது. அந்த எயார் எடுக்கும் வேலையைப் பார்த்து நிற்பது எனக்கு அலுப்பதே இல்லை. செய்கிறவர் பெரும்பாலும் கராஜில் தொழில் பழகியவர் அல்ல, லயத்தில் குடியிருக்கும் கைப்பழக்கக்காரர்.

முதலில் பில்டர் மேலுள்ள திருகாணியைத் தளர்த்துகிறார். பிறகு டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்பின் சின்ன நெம்பை விரலால் அசைக்கிறார். அது இழுவையில்லாமல் தொளதொளவென்று ஆடினால், உள்ளே அந்தப் பம்பை இயக்கும் கேம் ஏறி நிற்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். திருகாணியோரம் சொர்ரென்று நுரை கொப்பளிக்கும். நுரை மெலிந்து, குமிழி அற்று, மஞ்சளாய்த் தெளிந்த டீசல் வழிகிற அந்த நொடியில் இறுக்க வேண்டும். கூடினால் மரை போய்விடும், குறைந்தால் மீண்டும் காற்று. அதே பொறுமை அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்புக்கும், கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகளுக்கும். “தம்பி, இப்ப ஸ்டார்ட் அடிங்க!” ஒரு சிலிண்டர் இருமும், இன்னொன்று சேரும், மூன்றும் கூடியதும் மலைச்சரிவே தடதடக்கும். கறுத்த விரல்களைப் பழஞ்சேலைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவர் சத்தத்தை மட்டும் கவனிப்பார். ஹட்டன் பக்கம் போகிறவர்கள் இப்படிக் குனிந்திருக்கும் ஒருவரைக் கண்டால், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.