யார் வீட்டுப் பிள்ளை?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலே குரல் உடைகிறது, பழைய சட்டை போதாமற்போகிறது, "நான் யார்?" என்ற வினா உள்ளத்திலே முளைக்கிறது. அவ்வினாவுக்கு நம் சிறுவர் கதைகள் நெடுங்காலம் தந்த விடை யாது?

காட்டிலே கண்டெடுத்த குழந்தை. ஆடு மேய்த்து வளர்கிறான். கடைசிப் பக்கத்திலே தோளில் ஒரு மச்சம் தெரிகிறது. உடனே இளவரசன்! அவனை உயர்த்தியது அறிவா? உழைப்பா? அல்ல, மச்சம்! அதாவது, பிறப்பு! கதை இனிக்கிறது, உள்ளிருப்பதோ வருணக் கசப்பு.

நாம் வாழும் வீரசோழன் வட்டாரக் கரிசல் ஊர்களிலும் புதுச் சிறுவனைக் கண்டதும் பெரியவர்கள் கேட்பது, "யாரு வீட்டுப் பிள்ளைடா நீ?" என்பதே. நீ என்ன படிக்கிறாய், எதை விரும்புகிறாய் என்பதெல்லாம் பிறகுதான். நான் யார் என்று தவிக்கும் பிள்ளைக்கு நல்ல கதை விடை சொல்லாவிட்டால், வண்ணக் கயிறு சொல்லிவிடும். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே உடன் பயின்றவனை வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நீதிநாயகம் சந்துரு குழு, சாதி காட்டும் கைக்கயிற்றைத் தடை செய்யுமாறு 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றைக் கத்தரி அறுக்கும். கருத்தை எது அறுக்கும்?

இப்பருவக் குழப்பத்தை 1950-இல் வெளிவந்த நூலிலே ஆராய்ந்த எரிக் எரிக்சன், தம்மைப் பெற்ற தந்தை யாரென்றே அறியாதவர். வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வாழ்ந்தவர், 1939-இல் அமெரிக்கக் குடிமகனானபோது 'எரிக்கின் மகன்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார்! அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1929-இல், செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடுக என்றது. பெயரும் பெருமையும் நாமே ஆக்கிக்கொள்வன என்பதே இரண்டும் உணர்த்தும் பாடம்.

புதிய எழுத்தாளர் சிலர் இவ்வழியிலே நடக்கின்றனர். 2020-இல் சாகித்திய அகாதமியின் சிறுவர் இலக்கியப் பரிசு பெற்ற எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தீய தொடுதலுக்கு ஆளான சிறுமிக்கு வாய் திறக்கும் துணிவைத் தருகிறது. உன் உடல் உன்னுடையது என்பதை உணர்வதும் தன்னை அறிதலன்றோ! 2023-இல் அப்பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', இக்காலச் சிறுவனைக் கீழடியின் தொல்வாழ்வுக்கு அழைத்துச் செல்கிறது. வரவேற்போம். எனினும் ஒன்று கூறுவோம்: பாட்டன் பெருமையே பேரனுக்குப் போதுமெனில், அதுவும் இன்னொரு மச்சமே! கீழடிப் பானை ஓட்டிலே 'ஆதன்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெருமை எழுத்தறிந்ததில் இருக்கிறது. பிறந்த குடியில் அன்று.

எழுதுவோரை நாம் வேண்டுவது இதுவே: ஆடு மேய்ப்பவனின் மகன் கடைசிப் பக்கம் வரை ஆடு மேய்ப்பவனின் மகனாகவே இருக்கட்டும், தன் அறிவால் வெல்லட்டும். அத்தகைய கதையைப் படித்த பிள்ளை, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்போரிடம் தலைநிமிர்ந்து தன் பெயரைச் சொல்வான். அதுபோதும்!