குடவோலையும் குடத்து நீரும்

தமிழ்ப் பாடநூலில் உத்திரமேரூர் வந்தால் கூடவே பெருமிதமும் வந்துவிடுகிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (919, 921) வெட்டப்பட்டவை அவை. பெருமிதத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, இரண்டாவது கல்வெட்டை ஒரு பிரதியாக வாசிப்போம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்படுகிறது. கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை உள்ளவரின் பெயரே ஓலையில் ஏறும். இது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை. உழுத கைகளுக்கு அங்கே இடமில்லை. பெண்ணுக்கு இடமில்லை என்று தனியாக எழுதும் தேவைகூட அதற்கு எழவில்லை.

ஆனாலும் பெண்கள் அந்தக் கல்வெட்டில் இருக்கிறார்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது என்கிறது விதி. சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், உடன்பிறந்தாளை மணந்தவன், மகளை மணந்தவன் என்று உறவுப் பட்டியல் நீள்கிறது. தாயும் அத்தையும் மகளும் ஓர் ஆணை இன்னோர் ஆணோடு இணைக்கும் முடிச்சுகளாக மட்டுமே அதில் வருகிறார்கள். அதே நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்குக் கொடை கொடுக்கும் கை இருந்தது. கணக்குக் கேட்கும் வாய் இல்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. 2019 நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகள் 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. சட்டம் கொடுத்த பாதி இடம் ஐந்தாண்டுகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தது.

தேர்தல் முடிந்த பிறகு பல ஊர்களில் “தலைவர் வீட்டுக்காரர்” என்றொரு பதவி முளைக்கிறது. சட்டத்தில் இல்லாத அந்தப் பதவிக்குத்தான் நாற்காலி. கையெழுத்து மட்டும் மனைவியுடையது. கல்வெட்டில் ஆண்களை இணைத்த முடிச்சு, இங்கே ஆணையும் பதவியையும் இணைக்கிறது. பட்டியல் சாதிப் பெண் தலைவர் என்றால் அந்த நாற்காலியே சில ஊர்களில் மறுக்கப்பட்டிருக்கிறது.

இதைச் சொல்லிப் பெண்களை மட்டும் குறை கூறிவிட்டுப் போவது எளிது. அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். உத்திரமேரூரில் ஏரி வாரியம் ஊரின் உறுப்பு, அறுவர் பார்த்துக்கொண்டார்கள். இன்று வாரியம் என்ற சொல் கோட்டைக்குப் போய்விட்டது. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் 2013இலும் 2024இலும் திறக்கப்பட்டன. அவை சென்னைக் குடிநீர் வாரியத்தின் திட்டங்கள். கரை அரிக்கிறது என்று பக்கத்து மீனவக் குப்பத்தார் முறையிட்டார்கள். ஊராட்சித் தலைவி அதைக் கேட்டு என்ன செய்ய முடியும்? கிராம சபையில் தீர்மானம் போடலாம். அதற்கு மதிப்பளிப்பதும் அளிக்காததும் மேலே இருப்பவர் விருப்பம். தலைவரை நீக்கும் அதிகாரமோ, ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது.

அதிகாரம் ஊரிலேயே இருந்தால் போதுமா? கடற்கரைக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து அதற்கு மறுமொழி சொல்கிறது. எந்த வலை எப்போது இறங்கலாம் என்பதுவரை தீர்மானிக்கும் வலு அதற்கு உண்டு. ஆனால் வரி கட்டும் ஆண்தான் அதன் உறுப்பினர். கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தை நடத்துகிறவள் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இத்தகைய பட்டியல்கள் வழியாக நிவாரணம் போன கரையோரங்களில், கைம்பெண்களும் தனித்து வாழும் பெண்களும் விடுபட்டார்கள்.

அன்று ஊரிடம் ஏரி இருந்தது, சபையில் பெண் இல்லை. இன்று சபையில் பெண் இருக்கிறாள், ஏரியும் கடலும் ஊரிடம் இல்லை. பெண்ணை உள்ளே விட்ட காலமும் உள்ளே இருந்ததை வெளியே எடுத்த காலமும் ஒன்றாக இருப்பதை நாம் கவனிக்கவேண்டும். அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணை 29 துறைகளை ஊராட்சிகளுக்கென எண்ணிவைத்திருக்கிறது. அவற்றை முழுதாகக் கொடுப்பதை மாநிலங்களின் மனத்துக்கு விட்டுவிட்டது. இடஒதுக்கீட்டுக்காகப் போராடிய பெண்ணியம் இந்த 29க்காகவும் போராடவேண்டும். தண்ணீரும் நிதியும் இல்லாத சபையில் பாதி இடம் என்பது வெறுங்குடத்தில் பாதி.

உத்திரமேரூரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: கணக்குக் காட்டாதவன் திரும்ப வரக்கூடாது என்ற விதி. அடுத்த கிராம சபையில் முதலில் வரவு செலவை வாசிக்கச் சொல்வோம். வாசிப்பது தலைவியின் குரலாக இருக்கட்டும். அவர் வீட்டுக்காரர் கூட்டத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து கேட்கட்டும்.