மூன்று மணி ஆராதனை

பெங்களூரில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த காலம். அதில் ஒருவனுடைய அப்பா லுத்தரன் சபையில் ஆயர். மகனைப் பார்க்க ஒரு வாரம் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஹாலில் நான் இங்மர் பெர்க்மனின் 'விண்டர் லைட்' (1963) படத்தை இரண்டாவது முறையாக ஓடவிட்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில் ஒரு கிராமத்துக் கோயில், அங்கி அணிந்த போதகர், அப்பம், ரசம். டீ டம்ளரோடு கடந்துபோனவர் நின்றார். "என்ன தம்பி, எங்க சர்வீஸ் மாதிரியே இருக்கு?"

அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் ஸ்வீடன் திருச்சபைக்கும் பழைய உறவு. 1956இல் ராஜா மாணிக்கம் வரும்வரை தரங்கம்பாடி பிஷப்புகள் எல்லாரும் ஸ்வீடன்காரர்கள்தான். அந்த உறவின் புண்ணியத்தில் பெர்க்மனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பார்வையாளர் கிடைத்தார். உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்த்தார். மொத்தமே 81 நிமிடம்.

முடிந்ததும், "நம்ம சினிமாவுல வர்ற ஃபாதருக்கு ரெண்டே வேலைதான் தம்பி. ஹீரோவை வளக்கணும், இல்லன்னா ஹீரோவை மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை டியூட்டி பாக்குற ஃபாதரை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார். நான் விடவில்லை. கடவுளின் மௌனம், நவீன மனிதனின் நம்பிக்கையிழப்பு என்று அதுவரை படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "அந்த மீன்காரன் பதில் கேக்க வரல தம்பி. உக்கார வந்தான்."

அந்த வாக்கியம் இந்தப் படத்தை மட்டுமல்ல, போதகர்களைப் பற்றி எடுக்கப்பட்ட இன்னும் இரண்டு நல்ல படங்களையும் எனக்குத் திருப்பி வைத்துவிட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோமஸ் எரிக்சன் (குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட்) ஒரு ஸ்வீடன் கிராமத்துப் போதகர். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. காய்ச்சல் வேறு. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு காலை ஆராதனை முடிகிறது. யோனாஸ் என்ற மீனவனை (மாக்ஸ் ஃபான் சீடோ) அவனுடைய கர்ப்பிணி மனைவி அழைத்து வருகிறாள். சீனாக்காரர்கள் சீக்கிரமே அணுகுண்டு செய்துவிடுவார்கள் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து அவன் நிலைகுலைந்து போயிருக்கிறான். (படம் வெளியான அடுத்த வருடம், 1964 அக்டோபரில், சீனா நிஜமாகவே குண்டை வெடித்தது. அவன் பயந்தது வெறும் பிரமை இல்லை.) மனைவியை வீட்டில் விட்டுவிட்டு அவன் மட்டும் திரும்பி வருகிறான். டோமஸ் அவனிடம் பேச ஆரம்பிக்கிறார். தன் மனைவியைப் பற்றி, தன் இளமையைப் பற்றி, தன் கடவுள் எப்படி ஒரு சிலந்தியைப் போல அருவருப்பாகிப் போனார் என்பதைப் பற்றி. பேசிக்கொண்டே போகிறார். யோனாஸ் எழுந்து போய்விடுகிறான். கொஞ்ச நேரத்தில் செய்தி வருகிறது: ஆற்றோரமாகத் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்துக் கிடக்கிறான்.

இந்தக் காட்சியை நம்பிக்கையிழந்த போதகரின் வாக்குமூலம் என்று வாசிப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் வாசித்திருந்தேன். ஆயர் அங்கிள் பார்த்தது வேறு. அவருக்கு டோமஸின் சந்தேகம் பெரிய விஷயமாகவே படவில்லை. "சந்தேகம் எங்களுக்கு இல்லாத நாளா?" என்றார். அவர் கண்ணில் பட்டது வேலையில் நடந்த தவறு. ஒருவன் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். இவர் தன் புண்ணை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். டோமஸ் நம்பிக்கை நிறைந்தவராக இருந்து, வேதவசனமாகக் கொட்டியிருந்தாலும் யோனாஸ் எழுந்துதான் போயிருப்பான்.

இப்படிப் பார்த்தால் பெர்க்மன் ஒலியை வைத்துச் செய்திருப்பது துலங்குகிறது. ஆற்றங்கரையில் சடலத்தருகே நடக்கும் காட்சியை கேமரா தள்ளி நின்று பார்க்கிறது. நீர் பாயும் இரைச்சலில் யார் பேசுவதும் கேட்பதில்லை. அவ்வளவு பேசிய போதகரின் வாய்க்கு அங்கே வேலையே இல்லை. தார்ப்பாயைப் போர்த்தக் கை கொடுக்கிறார், சடலத்தோடு நிற்கிறார். கொஞ்ச நேரம் முன்னால் அவனோடு சும்மா இருந்திருக்கலாம். படத்தின் ஸ்வீடிஷ் தலைப்புக்கே 'திருவிருந்துக்கு வந்தவர்கள்' என்றுதான் பொருள். ஆங்கிலத் தலைப்பு வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்கிறது. மூலத் தலைப்பு காட்டுவது வந்த ஆட்களை.

டோமஸுக்கு நேர் எதிர் ஆள் ஒருவர் இதற்கு முன்பே இருக்கிறார். ஜார்ஜ் பெர்னானோஸின் 1936ஆம் ஆண்டு நாவலை வைத்து ராபர்ட் ப்ரெஸ்ஸோன் 1951இல் எடுத்த 'டயரி ஆஃப் எ கன்ட்ரி ப்ரீஸ்ட்'. வயிற்றுக்குள் புற்றுநோய், சாப்பாடு என்றால் ரொட்டியும் மலிவான ஒயினும், ஊருக்கே பிடிக்காத ஒரு இளம் குருவானவர். கிளாட் லேடுவின் முகத்தைப் பார்த்தாலே, இந்த ஆளுக்கு எந்த வேலையும் உருப்படியாக வராது என்று தோன்றும். ஆனால் ஒரே ஒரு காட்சியில் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். சின்ன வயதில் இறந்துபோன மகனை நினைத்துக் கடவுள்மேல் கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் சீமாட்டியோடு நடக்கும் நீண்ட உரையாடல் அது. அவரும் பேசத்தான் செய்கிறார், கடுமையாகக்கூட. ஆனால் பேச்சு முழுக்க அவளைப் பற்றியது. தன் வயிற்றுவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையெல்லாம் எழுதத்தான் டயரி இருக்கிறதே. சீமாட்டி மனநிம்மதியோடு ஒரு கடிதம் எழுதிவிட்டு அன்று இரவே இறந்துபோகிறாள். ஊர் அவரைத்தான் குற்றம் சொல்கிறது. கடிதம் அவர் கையில் இருக்கிறது. காட்டித் தப்பித்திருக்கலாம், ஊரிடம் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

பால் ஷ்ரேடரின் 'ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்' (2017) இந்த இரண்டு படங்களையும் தெரிந்தே எடுத்துக் கோக்கிறது. டயரி ப்ரெஸ்ஸோனிடமிருந்து, மீனவன் பெர்க்மனிடமிருந்து. ஷ்ரேடர் கண்டிப்பான கால்வினிய வீட்டில் வளர்ந்தவர். சிறு வயதில் சினிமா பார்க்க வீட்டில் அனுமதி இல்லை. பின்னாளில் ஓசு, ப்ரெஸ்ஸோன், ட்ரையர் பற்றி 1972இல் புத்தகம் எழுதியவர். அவருடைய போதகர் டோலர் (ஈதன் ஹாக்) நியூயார்க் மாநிலத்தில் 250 வயதான ஒரு சின்னக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு வருபவர்கள் ஒரு கைப்பிடி. மற்ற நாட்களில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டுவது, நினைவுப்பொருள் விற்பது. பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் வரும் ஒரு மெகா சபை. அதன் நிழலில்தான் இந்தக் கோயில் பிழைக்கிறது. ஆண்டு விழாவுக்குப் பணம் கொடுப்பவர் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் ஒரு தொழிலதிபர். சபை எப்படி நடக்கிறது, யார் காசில் நடக்கிறது என்ற கேள்வியில் ஷ்ரேடர் பெர்க்மனைவிட ஒரு படி மேலே போகிறார். நன்கொடைத் தட்டிலிருந்து சாக்கடைக் குழாய் வரை அவருக்குத் தெரிகிறது.

இங்கே மீனவனின் இடத்தில் மைக்கேல் என்ற சுற்றுச்சூழல் போராளி. அணுகுண்டுக்குப் பதில் பூமி சூடாவது. மனைவி மேரி கர்ப்பிணி. இப்படிப்பட்ட உலகத்தில் ஒரு குழந்தையைப் பெற்றுப்போடுவது நியாயமா என்பது அவன் கேள்வி. டோலர், டோமஸைவிட எவ்வளவோ நன்றாகப் பேசுகிறார். கேட்கவும் செய்கிறார். ராணுவத்துக்கு அனுப்பி ஈராக்கில் பறிகொடுத்த தன் மகனைப் பற்றிச் சொல்கிறார். பார்க்கும் நமக்கே, பரவாயில்லையே, இவர் காப்பாற்றிவிடுவார் என்று தோன்றும். அன்றிரவு டயரியில் என்ன எழுதுகிறார் என்பதுதான் ஷ்ரேடரின் கூர்மை. யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டியது போல இருந்ததாம் அந்த விவாதம். உற்சாகமாக இருந்ததாம்! எதிரே உட்கார்ந்திருந்தவன் சாவின் விளிம்பில் இருந்தான். இவருக்கு நல்ல வாதம் கிடைத்த திருப்தி. சில நாளில் மைக்கேலும் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொள்கிறான்.

டோமஸ் கேட்கவே இல்லை. டோலர் கேட்டார், ஆனால் விஷயத்தைக் கேட்டார், ஆளைக் கேட்கவில்லை. நன்றாகப் படித்த, நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்களுக்கு வரும் வியாதி இது. இதை வாசிக்கும் நம்மில் பலருக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

இவ்வளவு கூர்மையாகத் தொடங்கிய படம் முடிவில் சறுக்குகிறது என்பது என் கட்சி. நண்பர்கள் பலர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. இறந்தவனுடைய விரக்தியை டோலர் அப்படியே தன்மேல் மாட்டிக்கொள்கிறார், அவன் செய்து வைத்திருந்த வெடிகுண்டு அங்கி உட்பட. கடைசியில் முள்கம்பி, ரத்தம், மேரி, முத்தம், சுற்றிச்சுழலும் கேமரா, சட்டென்று கறுப்புத் திரை. வெடிப்பதா தழுவுவதா என்ற இரண்டு வழிதான் ஷ்ரேடருக்குத் தெரிகிறது. இரண்டுமே பெரிய நிகழ்ச்சிகள், இரண்டிலும் டோலர்தான் நாயகன். விழாவுக்கு வந்து கோயிலில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று படம் கேட்பதே இல்லை. 'டாக்ஸி டிரைவர்' எழுதிய கை பழைய பழக்கத்தை விடவில்லை.

பெர்க்மனின் முடிவை இதன் பக்கத்தில் வையுங்கள். அதே ஞாயிறு, மதியம் மூன்று மணி, இன்னொரு கிராமத்துக் கோயில். ஆராதனைக்கு யாரும் வரவில்லை. டோமஸ் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொடூரமாக அவமானப்படுத்திய மார்த்தா மட்டும் இருக்கிறாள், அவளுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. கோயில்பிள்ளை ஃபிரோவிக் உடம்பு வளைந்தவர், வலியோடே வாழ்பவர். சுவிசேஷத்தைப் படித்ததில் தனக்குத் தோன்றிய ஒன்றைப் போதகரிடம் சொல்கிறார்: இயேசுவின் உடல் வேதனை சில மணி நேரம்தானே, அந்த அளவு வலி நானே பட்டிருப்பேன், கூட இருந்தவர்கள் தூங்கிப்போனதும் விட்டு ஓடியதும்தானே பெரிய வேதனையாக இருந்திருக்கும்? கடைசியில் பிதாவும் பேசவில்லையே? படத்தின் மிக ஆழமான இறையியல் கூலிக்கு விளக்கேற்றும் ஒருவர் வாயிலிருந்து வருகிறது. டோமஸ் இந்த முறை தன் கதையை எடுக்கவில்லை. ஒன்றிரண்டு சொல்லைத் தவிர, கேட்கிறார். பிறகு, ஆராதனை உண்டா என்று கேட்டதற்குத் தலையசைக்கிறார். விளக்குகள் எரிகின்றன. காய்ச்சலோடு பீடத்தின் முன் நின்று ஆரம்பிக்கிறார்.

அவருக்கு நம்பிக்கை திரும்பி வந்துவிட்டதா? படம் சொல்வதில்லை. அது முக்கியமும் இல்லை.

இந்த முடிவு பெர்க்மனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை அவரே தன் சுயசரிதையான 'மேஜிக் லேன்டர்ன்' (1987) நூலில் சொல்லியிருக்கிறார். அவருடைய அப்பா எரிக் பெர்க்மனும் லுத்தரன் போதகர். அப்பாவுக்கும் மகனுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த கதை. படத்துக்காகக் கிராமத்துக் கோயில்களைப் பார்க்கப் போனபோது வயதான அப்பாவையும் கூட்டிப்போனார். ஒரு கோயிலில் நாலைந்து பேர்தான். போதகர் வந்து, எனக்கு உடம்பு சரியில்லை, ஆராதனையைச் சுருக்கிக்கொள்வோம், இன்று திருவிருந்து கிடையாது என்கிறார். கிழவருக்குக் கோபம். எழுந்து உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வருகிறது: திருவிருந்து உண்டு, மூத்த போதகர் ஒருவர் உதவி செய்வார். அப்பா பீடத்தில் போய் நிற்கிறார். என்ன நடந்தாலும் உன் ஆராதனையை நீ நடத்தியாக வேண்டும் என்ற விதி தனக்கு அங்கேதான் கிடைத்தது என்று எழுதுகிறார் பெர்க்மன். வாழ்நாள் முழுக்க அப்பாவோடு மல்லுக்கட்டிய மகன், அவரிடமிருந்து தன் படத்துக்கு முடிவை வாங்கிக்கொள்கிறான்.

இதை ஆயர் அங்கிளிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "மழை நாள்ல ரெண்டு பாட்டி வருவாங்க தம்பி. ரெண்டு பேருக்கும் முழு சர்வீஸ்தான். நாம சுருக்கினா, நாம வந்திருக்கவே வேண்டாமோன்னு அவங்களுக்குத் தோணிடும்" என்றார்.

கடைசியாக என் கணக்கு ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் கொத்துக்கொத்தாக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த சமயம், என் டீமில் இருந்த ஒரு பையன் "அண்ணா, அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று வந்தான். முகம் சரியில்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு முதல் வேலை போன கதையை நாற்பது நிமிடம் சொன்னேன். பொருளாதாரம், மார்க்கெட், எல்லாம் சொன்னேன். நன்றாகப் பேசியதாகவே அன்று நினைத்தேன். அவன் "தேங்க்ஸ்ணா" என்று எழுந்து போனான், இரண்டு மாதத்தில் ராஜினாமா செய்தான். எனக்குத் தெரிந்தவரை நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அன்று அவன் என்ன சொல்ல வந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

'விண்டர் லைட்'டைப் பிறகு இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். யோனாஸ் திரும்பி வந்து உட்காரும் இடத்தில் இப்போதெல்லாம் டோமஸைப் பார்ப்பதில்லை. அவனைப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறான்!