பதவுறுப்பிலக்கணமும் இரண்டாம் மொழி வாசிப்பும் – ஒரு நோக்கு

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், பகுபதத்தின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்துரைக்கின்றது. எமது வகுப்பறைகளில் இவ்விலக்கணம் 'நடந்தனன்' என்ற சொல்லோடு தொடங்கிப் பெரும்பாலும் அச்சொல்லோடேயே முடிந்துவிடுகின்றது. மாணவன் உறுப்புகளுக்குப் பெயரிட்டுப் புள்ளி பெறுகின்றான், பின்னர் மறந்துவிடுகின்றான். அதனால் அவனுக்குப் பேரிழப்பு எதுவுமில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவன் அச்சொல்லைப் பிரித்தறியாமலே பொருள்கொள்ள வல்லவன். இவ்விலக்கணத்தின் பயன் யாருக்கு மிகுதியோ, அவரிடம் அது சென்றடையவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

தமிழை இரண்டாம் மொழியாக வாசிப்பவரையே இங்குக் கருதுகின்றோம். எமது பீடத்துச் சிங்கள நண்பர் ஒருவர், அறிவித்தலொன்றில் 'செலுத்தாதவர்களிடமிருந்து' என்ற சொல்லைக் கண்டு அகராதியைப் புரட்டினார். அங்கு 'செலுத்து' என்பதே இருந்தது. அதனைக் கொண்டு, பணம் செலுத்தியவர்களைப் பற்றிய அறிவித்தல் என அவர் முடிவுசெய்தார். 'ஆ' என்னும் எதிர்மறை இடைநிலையை அறியாமையால் கருத்து முற்றிலும் மாறிப்போயிற்று.

சொல்லமைப்பறிவு என்பது உறுப்புகளின் பெயர்களை அறிவதன்று. ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் சிறுவர்க்குப் பொருளற்ற புனைசொற்களைக் கூறி, அவற்றின் பன்மை, இறந்தகால வடிவங்களைக் கேட்டார். முன்னர் கேட்டேயிராத சொற்களுக்கும் அவர்கள் உரிய வடிவங்களை அமைத்தனர். தாய்மொழியாளரிடம் இயல்பாக வளரும் இவ்வறிவு, இரண்டாம் மொழியாளரிடம் பெரிதும் பயிற்சியாலேயே வளர்க்கப்பட வேண்டியுள்ளது.

சிங்களம் பேசுவோர் இதில் வெறுங்கையுடன் வருபவரல்லர். 'ஊருக்கு' என்பதை 'கமட்ட' என்று அவர்களும் ஈறு சேர்த்தே வழங்குகின்றனர். எனினும் பேச்சுச் சிங்களத்தில், 'நான்', 'அவர்' எனும் இரண்டிற்கும் 'யனவா' என்ற ஒரே வினைவடிவம் வருகின்றது. ஆதலின் 'போகிறேன்', 'போகிறார்' என்பவற்றின் விகுதியே எழுவாயை உணர்த்திவிடும் என்பதனை அவர்களுக்குத் தனியே சுட்டிக்காட்டுதல் வேண்டும்.

அவ்வாறாயின் நன்னூலை அப்படியே அவர்களிடம் கொடுத்துவிடலாமா? இயலாது. நன்னூலார் பகுபத உறுப்புகளைப் பதவியலிலும், வேற்றுமையுருபு புணருமாற்றை உருபு புணரியலிலும் வேறுவேறாகக் கூறுவர். மொழியறிந்தார்க்கு இப்பகுப்பு இடர் தராது. புதிதாக வாசிப்பவர் கண்முன்னோ இவையாவும் ஒரே சொல்லாகத் திரண்டு நிற்கின்றன. அவர் ஈற்றிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்: 'இடமிருந்து' என்பதை நீக்கி, 'கள்' என்ற பன்மையை நீக்கி, 'அவர்' என ஆளைக் குறிக்கும் கூற்றினை நீக்கி, இடையே 'ஆ' உண்டா என நோக்கி, இறுதியிற் பகுதியை அடைதல் வேண்டும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 'இருந்து' என்பதைப் பிரிக்கக் கற்றவர் 'மருந்து' என்பதனையும் பிரிக்க முற்படுவர். 'காலை' என்பது பொழுதா, உருபேற்ற உறுப்பா என்பதைச் சொல்லமைப்பு மாத்திரம் உணர்த்தாது, வாக்கியமே உணர்த்தும். ஆகவே சொற்களைத் தனித்தனியே பிரிக்கும் பயிற்சியினும், பந்திகளை வாசிக்கும்போது பிரித்தறியும் பயிற்சியே பயன்மிக்கது.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் பொதுநிருவாகச் சுற்றறிக்கையொன்று, புதிதாகச் சேரும் அரச அலுவலர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டுமென விதித்தது. யான் பார்த்த தொடக்கநிலைக் கைந்நூல்கள் சிலவோ முழு வாக்கியங்களை மனனஞ் செய்விப்பதோடு அமைந்துவிடுகின்றன. மனனஞ் செய்த வாக்கியம் வரவேற்க உதவலாம். தமிழில் எழுதப்பட்ட முறைப்பாட்டை வாசிக்க உதவாது. செலுத்தியவரையும் செலுத்தாதவரையும் ஓர் அலுவலர் மாறி வாசிப்பாராயின், அதன் விளைவை அவர்முன் நிற்கும் பொதுமகனே அனுபவிக்க நேரும். இரண்டாம் மொழிப் பாடநூல்களை ஆக்குவோரும், அப்பணிக்கெனத் தமிழ் பயிலும் எம்போன்ற மாணவரும் இதனைக் கருத்திற்கொண்டு, பதவுறுப்பிலக்கணத்தை வாசிப்புக்குரிய கருவியாக மீளமைத்தல் இன்றியமையாததாகும்.