வேக்கம் சீலர் இருந்தால் வீட்டு பிரெட் கெடாதா?

வீட்டில் பிரெட் சுடுகிறவர்களை ஈரோடு இரண்டு விதமாகச் சோதிக்கும். சித்திரை வெயிலில், காலையில் சுட்ட பிரெட் பொழுது சாய்வதற்குள் ஓரமெல்லாம் விறைத்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மேலே பச்சைப் பூசணம் பூத்துவிடும். கடை பிரெட்டில் பூசணத்தைத் தள்ளிப்போட கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பார்கள். அது அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆனால் 2016-இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தான் சோதித்த 38 மாதிரிகளில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாகச் சொன்னது. புரோமேட்டை அரசு அதே ஆண்டு தடை செய்தது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஓவன் வந்தது.

எதுவும் சேர்க்காமல் சுட்டதை எப்படிப் பல நாள் வைத்துக்கொள்வது? அதற்காக வாங்கியதுதான் இந்த வேக்கம் சீலர். 2,000 ரூபாய் சுமாருக்கு ஆன்லைனில் கிடைக்கும் சிறிய வகை. இந்த விலையில் வருபவை பெரும்பாலும் ஒரே அமைப்பு என்பதால், பிராண்டை விட்டுவிட்டு வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு முழ நீளப் பெட்டி. மூடியைத் திறந்தால் ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் சூடாகும் பட்டை. பையின் வாயைப் பள்ளத்துக்குள் வைத்து, மூடியின் இரண்டு முனையையும் ‘டக்’ என்று அழுத்திவிட்டு பொத்தானைத் தட்ட வேண்டும். மோட்டார் காற்றை உறிஞ்சியதும் பட்டை சூடாகிப் பையை ஒட்டிவிடும். பையின் உட்புறம் ஒரு பக்கமாவது சொரசொரப்பாக இருக்க வேண்டும். காற்று வெளியேற அந்த வரிகள்தான் வழி. வழவழப்பான சாதாரண பிளாஸ்டிக் பை இதற்கு உதவாது.

பெட்டியின் மேல் ‘உணவு ஐந்து மடங்கு நாள் புதிதாக இருக்கும்’ என்று அச்சடித்திருக்கிறது. பருப்புக்கு எப்படியோ, பிரெட் விஷயத்தில் இதை அப்படியே நம்பக் கூடாது. பிரெட் விறைப்பதற்குக் காற்றோ ஈரம் போவதோ மட்டும் காரணமில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852-லேயே இதைக் காட்டிவிட்டார்: ஈரம் வெளியேறாதபடி இறுக மூடி வைத்த பிரெட்டும் பழசாகித்தான் போனது, 60 டிகிரிக்கு மேல் சூடாக்கியதும் மறுபடி மென்மையானது. ஓவனில் நீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மீண்டும் இறுகிப் படிகமாகிறது. காற்றை உறிஞ்சுவதால் இது நிற்காது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரி வாக்கில், இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். பூசணத்துக்குப் பயந்து பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் விறைப்பை விலைக்கு வாங்குகிறார்கள். அதைக் கிட்டத்தட்ட நிறுத்திவைப்பது ஃபிரீசரின் மைனஸ் 18 டிகிரிதான்.

ஆகவே சீலரைத் தனியாக மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. ஃபிரீசருக்குத் துணையாகத்தான் பார்க்க வேண்டும். அங்கே அது நன்றாகவே உழைக்கிறது. வெறும் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்த துண்டுகளில் சில வாரத்தில் பனித்துகள் படிந்து, ஓரம் வெளுத்து, ஃபிரிட்ஜ் வாடை ஏறிவிடுகிறது. சீலரில் அடைத்த துண்டுகளில் இது எதுவும் இல்லை. தோசைக்கல்லில் மிதமான தீயில் நெய் தடவி, மூடி போட்டு வாட்டினால் அன்று சுட்ட வாசனை திரும்பி வருகிறது. பை தட்டையாக இருப்பதால் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜின் சின்ன ஃபிரீசரிலும் ஐஸ் டிரேக்குப் பக்கத்தில் அடங்கிவிடும்.

முறை முக்கியம். மென்மையான பிரெட்டை நேராக உள்ளே வைத்தால் இயந்திரம் அதை அப்பளமாக நசுக்கிவிடும். பையைப் பிரித்தாலும் பழையபடி எழும்பாது. சுட்டதை முழுக்க ஆறவிட்டு (வெயில் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும்), துண்டு போட்டு, தட்டில் பரப்பி ஃபிரீசரில் கல்லாக்கிய பிறகே பையில் அடைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் முதல் வேலையாகப் பையின் மூலையை வெட்டிவிடுங்கள். வெட்டாமல் இளகவிட்டால், பனி விலக விலக வெளிக்காற்றின் அழுத்தம் பிரெட்டைச் சப்பையாக்கிவிடும். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் இதே கதைதான்; அன்று ஃபிரீசர் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது.

குறை என்றால் பிரெட் தூள். உறிஞ்சும்போது தூள் பறந்து வந்து ஒட்டும் இடத்தில் படிந்தால், பை ஒட்டியதுபோலத் தெரியும், மறுநாள் பார்த்தால் காற்று ஏறியிருக்கும். அடைக்கும் முன் பையின் வாயை வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டால் இது பெருமளவு குறையும். மோட்டார் சத்தம் மிக்சி அளவு இல்லை என்றாலும், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடும். பைதான் தொடர்செலவு, ஒவ்வொரு தடவையும் ஒரு ஓரத்தை வெட்டுவதால் அது குட்டையாகிக்கொண்டே வரும்.

காற்று நீக்கி பிரெட் அடைத்த பையை ஃபிரீசருக்கு வெளியே விட்டு வைக்கவே கூடாது. ஈரமுள்ள உணவைக் காற்றில்லாமல் அறைச் சூட்டில் வைப்பது ஆபத்து. பூண்டு, பன்னீர் வைத்துச் சுட்டவற்றுக்கு இன்னும் கண்டிப்பாக. சாதா பிரெட்டிலும் பேசிலஸ் கிருமியின் வித்துகள் ஓவன் சூட்டைத் தாண்டிப் பிழைத்து நம் ஊர் வெயிலில் பெருகும். பழுத்து அழுகிய பழ வாடை அடித்து, உள்பக்கம் பிசுபிசுத்து நூலாக இழுத்தால் யோசிக்காமல் வீசிவிடுங்கள். மாவில் ஒரு ஸ்பூன் வினிகர் சேர்ப்பது இதற்கு எதிரான பழைய பேக்கரி வழக்கம்.

பிரெட்டை வைக்க வெளிநாட்டுக்காரர்கள் பருத்திப் பையைச் சொல்வார்கள். கனி ஜவுளி மார்க்கெட் இருக்கிற ஈரோட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேலோடு மொறுமொறுப்பான பிரெட்டுக்கு ஏற்ற அந்தப் பை, 40 டிகிரி வெயிலில் நம் மென்மையான பால் பிரெட்டை ரஸ்க் ஆக்கிவிடும். நான் பரிந்துரைப்பது மாவிலேயே செய்யும் வேலை: 400 கிராம் மாவில் 25 கிராமை எடுத்து, 125 மில்லி தண்ணீரில் 65 டிகிரி வரை கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டுப் பிசையுங்கள். கிழக்காசியாவில் டாங்ஜோங் என்கிற இந்தக் கூழ் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், வெளியே டப்பாவில் வைத்தாலும் பிரெட் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் மென்மையாக இருக்கும். செலவே இல்லை.

வாரம் ஒரு பிரெட் சுட்டு, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடும் வீட்டுக்கு இந்தக் கூழும் ஒரு ஜிப் கவரும் போதும், சீலர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சுட்டு மாதம் முழுக்கப் பயன்படுத்துகிறவர்களும், கூடவே முருங்கைக்கீரைப் பொடி, சிறுதானியம், மஞ்சள்தூள் என்று அடைத்து வைக்க வேலை இருப்பவர்களும் வாங்கலாம். பிரெட் நசுங்கும் முன் உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தி ஒட்ட மட்டும் செய்யும் தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத மாடலை பிரெட்டுக்காக வாங்க வேண்டாம்.