மாணாக்கர் மனநிறைவும் அதனை அளக்கும் கோலும்

கற்பித்தல் செவ்விதாய் நிகழ்ந்ததோ என்பதனைக் கற்றவனையே வினாவி அறிதல் மேனாட்டார் கண்ட புதுமுறை என்று கருதுவார் பலர். அமெரிக்க நாட்டுப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1920களில் ஹெர்மன் ரெமர்ஸ் என்பார், ஆசிரியரை மாணாக்கர் மதிப்பிடுதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார் என்பது உண்மையே. ஆயினும், ஆசிரியரைத் தரம்பிரித்து நோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில், நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமையாகக் காட்டியதோடு அமையாது, ஆசிரியராதற்குத் தகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கினை எடுத்துக்காட்டினார். தென்னையும் பனையும் செறிந்த பளைப் பகுதியார்க்கு இவ்வுவமைகளை விளக்க உரையாசிரியர் வேண்டா. நீரூற்றி வளர்த்தவன் முற்றத்தை விடுத்து அயலான் வளவுக்குள் காய் உதிர்க்கும் வளைந்த தென்னையை அறியாதார் ஈண்டு எவர்?

பவணந்தியார் அவ்வளவில் நின்றாரல்லர். மாணாக்கரையும் அன்னம், ஆ முதலாக எருமை, நெய்யரி ஈறாக எண்வகைப்படுத்தினார். நெய்யைப் போகவிட்டுக் கசட்டைத் தேக்கிக்கொள்ளும் நெய்யரி போன்றவன், நிலம்போன்ற ஆசிரியரிடத்தும் நிறைவு காணான். அன்னம் போன்றவனோ முடத்தெங்கின் கீழும் சிறிது பெற்றுக்கொள்வான். ஆகவே, மாணாக்கன் கூறும் மதிப்பீடு இருவரையும் பற்றியது. இக்காலத்து வினாத்தாள்களில் விடுபட்டுப்போனது இவ்விரண்டாம் பாதியே.

இந்திய நாட்டுத் தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு 2017இல் புகுத்திய மாணாக்கர் மனநிறைவு ஆய்வினை எடுத்துக்கொள்க. அதில் இருபது வினாக்கள். ஒவ்வொன்றற்கும் 0 முதல் 4 வரை புள்ளி. இறுதியில் கருத்துரைக்க ஓர் இடம். பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தி முடிக்கப்பெற்றது என்பது முதல் வினா. நூற்றுக்கு 85க்கு மேலாயின் நான்கு புள்ளி. ஓரதிகாரத்தை மாணாக்கர் உளங்கொள்ளுமாறு நின்று நடத்தி, எஞ்சியதைத் தாமே கற்க வழிகாட்டிய ஆசிரியர்க்கு இவ்வினாவில் குறைந்த புள்ளியே கிட்டும். குறிப்பேட்டை ஓட்டமாக வாசித்து முடித்தவர் நான்கையும் பெறுவர். மாணாக்கன் தான் எத்துணை உழைத்தான் என்று கேட்கும் வினாவோ அவ்விருபதில் இல்லை.

இத்தகைய ஆய்வுகள் பலவற்றின் வேரைத் தேடிச்செல்லின் அது கல்விக்கூடத்தில் இல்லை, வணிகத்தில் உள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்ற பரசுராமன், சீத்தாமல், பெரி என்னும் இருவரோடு கூடி 1988இல் வெளியிட்ட சேவைத்தர அளவுகோல், வாடிக்கையாளர் எதிர்பார்த்தது யாது, பெற்றதாக உணர்ந்தது யாது என இருகால் வினாவி, அவற்றிடை உள்ள இடைவெளியைத் தரமெனக் கொள்வது. வங்கிக்கும் பழுதுபார்க்கும் நிலையத்திற்கும் அஃது ஏற்றதாகலாம். பின்னர் அதனைப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருத்தினர். ஈண்டே இடர் தோன்றுகின்றது. எதிர்பார்ப்புக் குறுகக் குறுக இடைவெளியும் குறுகும். குறை குறையாமலே மனநிறைவு ஏறிவிடும்.

இது வெறுந்தருக்கமன்று. 1990இல் அறுந்த வடபாதைப் புகையிரதம் 2014 மார்ச்சிலேதான் மீண்டும் பளையை வந்தடைந்தது. அவ்விடைப்பட்ட காலத்திற் பிறந்து, இடம்பெயர்ந்து, கொட்டிலிலும் மரநிழலிலும் எழுத்துக் கற்ற ஒருவர் கிளிநொச்சி அறிவியல் நகரின் பொறியியற் பீடத்திற்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிற்கோ செல்கின்றார் எனக் கொள்க. குடும்பத்திற் பல்கலைக்கழகம் புகுந்தவர் அவரே முதல்வராகவும் இருத்தல் கூடும். கூரையும் மின்விளக்கும் உள்ள விரிவுரை மண்டபமே அவர்க்குப் பெரும்பேறு. ஆய்வுகூடத்திற் கருவி ஒன்றினை இருபதுபேர் சூழ்ந்து நிற்பினும் அவர் "மிக்க நிறைவு" என்றே குறியிடுவார். கொழும்பில் வசதிமிக்க பாடசாலையிலிருந்து வந்தவர் அதே கருவியைக் கண்டு முகஞ்சுளிப்பார். இருவர் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி காண்பார் அளப்பது ஆய்வுகூடத்தை அன்று. இல்லாமைக்குப் பழகிய உள்ளத்தின் பொறுமையை அளந்து, அதனை நிறுவனத்தின் நற்சான்றாகப் பதிந்துகொள்வது நேர்மையாமோ? 1990இல் கிளிநொச்சியில் தோன்றிய வேளாண்மைப் பீடம் போரினால் யாழ்ப்பாணத்திற்குப் பெயர்ந்து பின்னர் மீண்டது. அப்பெயர்வுக் காலத்து மாணாக்கரைக் கேட்டிருப்பின், பரீட்சை நடைபெற்றதே போதும் என்றிருப்பர்.

மொழியின் பாடும் எண்ணற்பாலது. உயர்தரம் வரை தமிழிற் கற்றவர் பொறியியலை ஆங்கிலத்திற் கேட்கின்றார். முதலாண்டில் விளங்காமை மிகும். அவ்விளங்காமை "விரிவுரையாளர் தெளிவாக விளக்கினாரா?" என்னும் வினாவின்கீழ் அவர் தலையிற் சுமத்தப்படுகின்றது.

இனி, மனநிறைவும் கல்விப்பயனும் ஒன்றோ என்பது. அமெரிக்க வான்படைக் கல்லூரியில் மாணாக்கரை ஆசிரியரிடத்துக் குலுக்கல்முறையிற் பகிர்வது வழக்கம். அதனைப் பயன்படுத்திக் காரெல், வெஸ்ட் என்போர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, முதற்பாடத்தில் நல்ல புள்ளி பெறச்செய்து நன்மதிப்பும் பெற்ற ஆசிரியரிடம் கற்றோர், அதனையடுத்த மேற்பாடங்களிற் பின்தங்கக் கண்டது. கடிந்துகற்பித்த ஆசிரியரின் பயன் மறுபாடத்திலே வெளிப்பட்டது. மதிப்பீட்டுத் தாளோ அதற்குமுன்பே சேகரிக்கப்பட்டுவிட்டது. பிரித்தானியாவில் 2005 முதல் நடைபெறும் தேசிய மாணாக்கர் ஆய்விலும், ஒட்டுமொத்த நிறைவு பற்றிய வினாவை இங்கிலாந்தளவில் 2023இல் நீக்கிவிட்டனர். ஒற்றை எண்ணிற் பல்கலைக்கழகத்தை அடக்கும் ஆசை அங்கேனும் சற்றுத் தணிந்தது போலும்.

இவற்றாற் கேட்பதே வேண்டா என்பது பெறப்படாது. கேளாதிருந்த காலத்தில் மடற்பனைகள் அச்சமின்றி வாழ்ந்தன. இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட மீளாய்வுக் கையேடுகள் மாணாக்கர் கருத்தினைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டமை வரவேற்கத்தக்கதே. ஆனால் "நிறைவா?" என்று வினாவுவதினும், செய்முறைக் கருவியைத் தம் கையால் எத்தனைமுறை இயக்கினார், திருத்திய ஒப்படை எத்தனை நாளில் திரும்பிற்று, விரிவுரையாளரைத் தனியே காண இயன்றதா என்று வினாவுதல் தக்கது. இவற்றிற்குரிய விடை, எதிர்பார்ப்புக்கேற்ப ஏறி இறங்காது. பட்டம்பெற்று ஈராண்டு கழிந்தபின் மீளவும் கேட்டல் வேண்டும். தாம் கடிந்துரைத்த ஆசிரியரைப் பற்றி வேறு கூறுவோர் அப்போது இருப்பர்.

மற்றொரு சாராரும் உளர். பணமுடையாலோ மொழித்தடையாலோ இரண்டாமாண்டிலே படிப்பை விட்டு வீடு திரும்பியோர் அவர். வினாத்தாள் இறுதி வாரத்தில் வகுப்பறையில் வழங்கப்படுகின்றது. அன்று அவர்தம் இருக்கை வெறுமையாக உள்ளது. கணக்கிலோ அவ்விருக்கையே இல்லை.