பங்கசு தரும் வாசம் எதற்கு மாற்று?

டிசம்பர் பிறந்தால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் றிச் கேக்குக்கு ரவையும் கஜுவும் வாங்குபவர்கள், கூடவே வனிலா எசன்ஸ் போத்தலையும் எடுத்துக்கொள்வார்கள். மலிவான எசன்ஸின் வாசம் பெரும்பாலும் பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து செய்த வனிலின். அதே வனிலினைப் பங்கசுகளும் ஆக்கித் தரும். இந்த முறை வரவேற்கத்தக்கது என்றே கருதுகிறேன். ஆனால் அது பிடிக்க வேண்டியது தொழிற்சாலை எசன்ஸின் இடத்தை. வனிலாக் காயின் இடத்தையல்ல.

1996இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டு பங்கசுகளை அடுத்தடுத்துப் பயன்படுத்தினார்கள். தவிட்டிலும் உள்ள பெரூலிக் அமிலத்தை அஸ்பர்ஜிலஸ் நைகர் வனிலிக் அமிலமாக்கியது. பட்டமரத்தில் செந்நிறத் தட்டாக முளைக்கும் பிக்னோபோரஸ் சின்னபாரினஸ் அதை வனிலினாக மாற்றியது. வனிலிக் அமிலத்தில் ஒரு பங்கு வேறு சேர்வையாகி வீணானது. செலோபயோஸ் என்ற வெல்லத்தைச் சேர்த்தபோது அந்த இழப்புக் குறைந்தது. அதைவிடப் பெரிய தடை, வனிலின் செறிவு கூடக்கூடப் பங்கசுக்கே நஞ்சாவது. ஆகவே கரைசலிலிருந்து அதைப் பிசின் மணிகளால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. பயிர்நோயைத் தடுக்க விவசாயிகள் மண்ணில் இடும் டிரைக்கோடெர்மா என்ற பங்கசின் கதையும் இதுதான்: தேங்காய் மணமுள்ள பைரோனைச் சுரக்கும், அந்தப் பைரோனே அதன் வளர்ச்சியை ஒடுக்கும். விளைச்சல் குறைந்து செலவு ஏறுவதற்கு முக்கிய காரணம் இந்த நச்சுத்தன்மை. மாறாக, ஆமணக்கெண்ணெயிலிருந்து பீச் பழ வாசத்தை ஆக்கும் யரோவியா என்ற மதுவம் வணிகரீதியாகவே வென்றது. பழத்தில் அந்தச் சேர்வை மிகச் சொற்பம். பிரித்தெடுத்து விற்றுக் கட்டாது. அங்கே எந்த விவசாயியின் பிழைப்பும் கெடவில்லை, ஆமணக்குக்கு இன்னொரு பயனும் கிடைத்தது.

மூலக்கூறு ஒன்றுதானே, மூலத்தை ஏன் கேட்க வேண்டும் என்பார்கள். வனிலின் மட்டும் என்றால் அந்த வாதம் சரி. பதப்படுத்திய காயிலோ வனிலின் ஏறத்தாழ 2 சதவீதம்தான். இருநூறுக்கு மேற்பட்ட வேறு சேர்வைகள் கூடித்தான் அதன் வாசம் அமைகிறது. கண்டிப் பக்கத்தில் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்த்து, காயை மாதக்கணக்கில் பதப்படுத்துகிறவர்கள் விற்பது அந்த முழு வாசத்தை. உலகின் வனிலின் தேவை முழுவதற்கும் காய் போதாது என்ற எதிர்வாதமும் உண்மையே. அதனால்தான் தொழிற்சாலை வனிலினின் பெருஞ்சந்தையைப் பங்கசுக்குத் திறந்துவிடலாம் என்கிறேன். நம் அரிசி ஆலைகளின் தவிடு கால்நடைத் தீவனமாவதோடு நின்றுவிடத் தேவையில்லை.

சிக்கல் லேபலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் நுண்ணுயிர் வழி வந்த சுவைப்பொருளை இயற்கையானது என ஏற்கிறது. ஆனால் வனிலாவின் பெயரை இயற்கைச் சுவையூட்டியாகப் போட்டால், சுவைக்கூறில் குறைந்தது 95 சதவீதம் வனிலாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். காபன் சமதானிகளை அளந்து காயின் வனிலினையும் பிறவற்றையும் பிரித்தறியவும் முடிகிறது. 2022இல் இலங்கைக் கறுவாவின் பெயருக்கு அதே ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்ற நாடு இது. கறுவாவுக்குக் கேட்டுப் பெற்ற நியாயத்தை வனிலாவுக்கும் கொடுத்து, போத்தலில் மூலப்பொருளையும் ஆக்கிய முறையையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் சொல்வது அதிகாரிகளின் கடமை.